ஆடி மாதத்தில் உறையும் அணை: மிதவை டியூபில் ட்ரவுட் பிடிப்பது

ஜூலை மாதம், காலை ஏழு மணி. தென்னாப்பிரிக்காவில் காம்பர்க் பக்கத்து மலைமேல் ஓர் அணை. கரையோரம் கட்டைவிரல் கனத்துக்குப் பனிக்கட்டி பிடித்திருக்கிறது. ஒரு கூழாங்கல்லை அதன்மேல் சறுக்கிவிட்டால், கல் ஓடும் வழியெல்லாம் கம்பி அதிர்கிற மாதிரி ஒரு ஓசை எழும்பி எதிர்க்கரைவரை போகும். நடுவில் மட்டும் தண்ணீர் கறுப்பாகத் திறந்து கிடக்கிறது, மேலே மெல்லிய ஆவி. அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, ஒரு காற்று வளையத்தில் உட்கார்ந்து தூண்டில் போடுவதற்காகத்தான் டர்பனிலிருந்து பக்கியில், அதாவது பின்பக்கம் திறந்த சின்ன சரக்கு வண்டியில், சாமான் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

தென்னாப்பிரிக்காவில் பனிக்கட்டியா என்று சென்னையிலிருந்து உறவினர்கள் கேட்பார்கள். இங்கே பருவம் தலைகீழ். மார்கழியில் வியர்த்துக் கொட்டும். ஆடியில், அதாவது மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதத்தில், டர்பன் பெண்கள் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு பானையைக் கிளறுவார்கள். டர்பனில் அது இதமான குளிர்தான். இரண்டரை மணி நேரம் உள்நாட்டுப் பக்கம் ஏறி டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரின் (எங்கள் பேச்சில் பெர்க்) அடிவாரத்துக்குப் போனால் கதை வேறு. 1,500 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர்வரை உயரம். குளிர்காலத்தில் மழை அரிது, மேகம் குறைவு, காற்றில் ஈரமும் குறைவு. போர்வை இல்லாதவன் உடம்பு மாதிரி, ராத்திரி நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி போவது சாதாரணம். அதே இடத்தில் மத்தியானம் 15 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும்.

இந்த இரண்டும் ஒரே நாளில் நடப்பதால்தான் அணை முழுசாக உறைவதில்லை. கனடாவிலோ ரஷ்யாவிலோ மாதக்கணக்கில் கிடக்கும் பனிக்கட்டிமேல் ஆள் நடக்கிறார்கள், ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்கள். அதற்குத் தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டராவது கனமாக இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. எங்கள் அணையில் இருப்பது ராத்திரி வந்து பகலில் போகும் பனிக்கட்டி. அதன்மேல் கால் வைக்கவே கூடாது. உறையாத பகுதியில்தான் மீன்பிடிப்பு. உறைந்த பகுதி எங்கே இருக்கிறது, மத்தியானம் எங்கே போகப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்துவைப்பதுதான் இந்த விளையாட்டின் முக்கால்வாசி.

எங்கே உறையும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து அடிக்கிற மாதிரி, இங்கே குளிர்கால வெயில் வடக்கே சாய்ந்து அடிக்கிறது. அதனால் வடக்குப் பக்கம் குன்று இருக்கும் மூலைதான் நிழலில் மாட்டும். அந்த வளைவில் பனிக்கட்டி மத்தியானம்வரை கிடக்கும். தெற்குக் கரை வெயில் வாங்கி பத்து மணிக்கே இளகிவிடும். ஆழமில்லாத ஓரங்கள் முதலில் உறையும், நடு ஆழம் கடைசியில். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் லேசாகி மேலே மிதக்கும், பூஜ்யத்தில் மேலிருந்து உறையும். காற்று கலக்கிவிடாத நாளில் அடித்தண்ணீர் 4 டிகிரியில் நிற்க, மேல்தண்ணீர் அதைவிடக் குளிராக இருக்கும். மீன் கீழே போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ட்ரவுட் குளிர்ந்த நன்னீர் மீன், ஆனால் இந்த மண்ணின் மீன் இல்லை. டர்பன் இருக்கும் மாகாணமான நேட்டாலின் ஆறுகளில் பிரவுன் ட்ரவுட் குஞ்சுகளை முதலில் விட்டது 1890இல். முட்டைகள் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்தவை. ரெயின்போ ட்ரவுட் 1897இல் கேப் பகுதிக்கு வந்தது. எங்கள் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் கப்பலுக்கும் ட்ரவுட் முட்டை வந்த கப்பலுக்கும் இடையே முப்பது வருடம்தான்: சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16. நீலகிரியில் அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் வைத்ததும் இதே காலனி ஆசையால்தான். ஊட்டிக்காரர்களுக்கு இந்த மீனும் புதிதில்லை, புல்மேல் வெள்ளையாகப் படியும் உறைபனியும் புதிதில்லை.

ஆனால் எங்கள் வீடுகளில் ட்ரவுட் என்ற சொல்லே ரொம்ப நாள் கிடையாது. எங்களுக்கு மீன் என்றால் கடல். டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் இந்திய மீனவக் குடும்பங்கள் வாழ்ந்தன, கரைவலை இழுத்தன. ஜூன், ஜூலையில் மத்திக் கூட்டம் கரையோரம் வரும்போது வாளியும் கூடையுமாக ஓடியது அந்தத் தலைமுறை. மலைப்பக்கத்து ட்ரவுட் தண்ணீர், வெள்ளையரின் சங்கங்களிடமும் பண்ணைகளிடமும் பூங்காக்களிடமும் இருந்தது. 1953இல் வந்த தனித்தனி வசதிகள் சட்டம் கடற்கரையையும் பூங்காவையும் நிறத்தால் பிரித்தது. அது நீங்கியது 1990இல். என் மாமா முதன்முதலில் பெர்க் அணையில் தூண்டில் போட்டபோது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கடலில் நாற்பது வருடம் நின்ற கை அது. இன்று ஞாயிற்றுக்கிழமை அந்த அணைகளில் டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்தும் வந்த ஆட்களைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு வருகிறது.

மாமா சொல்லிக்கொடுத்த முதல் பாடம் மீனைப் பற்றியது இல்லை. "தம்பி, மீன் இருக்கிற எடத்த அப்புறம் பாரு. ஏறுற எடத்த மொதல்ல பாரு." கடல் பாறையில் நின்று கற்றது. உறையும் அணைக்கு அது இன்னும் பொருந்தும்.

சரி, டியூப் என்பது என்ன? பழைய வடிவம் லாரிச் சக்கரத்து உள்டியூப் மாதிரி வட்டம், நடுவில் ஒரு இருக்கை. இப்போது பெரும்பாலும் யூ வடிவம் அல்லது வீ வடிவம். முன்பக்கம் திறந்திருக்கும், மடிமேல் ஒரு வலைத்துணி விரிப்பு, முதுகுக்குத் தனிக் காற்றுப்பை. மேல் உறை கனமான நைலான், உள்ளே பிவிசி அல்லது யூரித்தேன் பை. உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே எல்லாம் தண்ணீரில். நெஞ்சுவரை வரும் நீர்புகாத கால்சட்டை, அதாவது வேடர்ஸ், அதன்மேல் நீச்சல்காரர் போடும் ஃபின். காலை உதைத்தால் டியூப் பின்பக்கமாகத்தான் போகும். போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போக வேண்டும். பழகாதவர்கள் கோரைப்புல்லுக்குள் போய்ச் சொருகிக்கொள்வது இதனால்தான். ஃபின் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கவும் முடியாது. இறங்கும்போதும் பின்பக்கம், ஏறும்போதும் பின்பக்கம்.

குளிர்காலத்தில் பலரும் கவனிக்காதது இந்தப் பைக்குள் இருக்கும் காற்று. டர்பனில் கடல்மட்டக் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 1,900 மீட்டர் உயரத்தில் சுமார் 80. வீட்டிலேயே டியூபை ஊதி, வெளிக்காற்றைவிட 7 கிலோபாஸ்கல் கூடுதலாக விறைப்பாக வைத்துப் பக்கியில் கட்டிக்கொண்டு போகிறவர் மலைமேல் சேரும்போது, உள்ளே 108, வெளியே 80. கூடுதல் அழுத்தம் 7இலிருந்து 28 ஆகிவிட்டது, நாலு மடங்கு. தையல் பிரிவதும் ஒட்டு விடுவதும் இப்படித்தான். மலைமேல் போய்த்தான் ஊத வேண்டும்.

அங்கே ஊதினாலும் இன்னொரு சிக்கல். வெயிலில் கரையில் கிடக்கும் பையின் காற்று 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 87 கிலோபாஸ்கல், வெளியே 80, விறைப்பு 7. தண்ணீரில் இறக்கினால் 4 டிகிரி. பைக்குள் காற்று முழுதும் குளிர்ந்தால் அழுத்தம் 82க்கு இறங்கும். விறைப்பு வெறும் 2. ஓட்டை எதுவும் இல்லாமலேயே டியூப் தொளதொளவென்று ஆகிவிடும். ஆள் இன்னும் நாலு விரல் கீழே அமிழ்வார், தண்ணீர் வயிற்றுக்கு ஏறும். மேல்பாதி வெயிலில் இருப்பதால் நிஜத்தில் இவ்வளவு குறையாது, ஆனாலும் கை வைத்தால் தெரியும். நாங்கள் செய்வது இதுதான்: கரையில் முக்கால் அளவு ஊதுவது, டியூபைத் தண்ணீரில் பத்து நிமிடம் மிதக்க விடுவது, அப்புறம் மீதியை ஊதுவது. கரையேறிய பிறகு வெயிலில் போடுவதற்குள் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அது எதிர்ப்பக்கமாக வேலை செய்யும்.

இனி உடம்பு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இடுப்புக்குக் கீழே மொத்தமும் 4, 5 டிகிரித் தண்ணீரில் இருக்கிறது. நியோப்ரீன் வேடர்ஸ் தன்னுள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்களால் சூட்டைத் தடுக்கும். மெல்லிய வேடர்ஸ் என்றால் உள்ளே கம்பளி, ஃப்ளீஸ் என்று அடுக்க வேண்டும். பருத்தி வேண்டாம், அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். காலுறை விஷயத்தில் எல்லாரும் செய்யும் தவறு, மூன்று ஜோடியை இறுக்கித் திணிப்பது. இறுகினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத பாதம் எத்தனை கம்பளி போட்டாலும் விறைக்கும். இரண்டு ஜோடி, விரல் அசைய இடம், அது போதும்.

தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும், அதை அடக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் உடம்பின் உட்சூடு இறங்கி நினைவு தப்பும். குளிர்ந்த தண்ணீரில் போகிறவர்களில் பலர் கடைசிக் கட்டம்வரை போவதே இல்லை, முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள். உயிர்காப்புச் சட்டை எதற்கு என்றால் அந்த முதல் நிமிடத்துக்கு.

வேடர்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் ஆளைக் கீழே இழுத்துவிடும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்தத் தண்ணீருக்கு எடை கிடையாது, அது இழுக்காது. கரையேறும்போதுதான் கனம் தெரியும், சில வாளித் தண்ணீரைக் காலில் கட்டிக்கொண்டு ஏறுகிற மாதிரி. இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிவிட்டால் புகும் தண்ணீரே குறையும். குளிருக்கு பிராந்தி என்று சிலர் குப்பி கொண்டுவருவார்கள். பிராந்தி தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடாக இருப்பதுபோல் காட்டும், உண்மையில் உட்சூட்டை வெளியே கொட்டிவிடும். இஞ்சி தட்டிப்போட்ட தேநீரும் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டியும்தான் எங்கள் வழக்கம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கரையேறுவோம். குளிரில் ரத்தம் உள்ளே ஒதுங்குவதால் சிறுநீரகம் வேகமாக வேலை செய்யும், எப்படியும் ஏற வேண்டியிருக்கும்.

முதல் சில வருடங்கள் விடியுமுன்னே வந்து நின்றோம். அது வீண். ட்ரவுட்டின் உடல் சூடு தண்ணீரின் சூடுதான். 10 முதல் 16 டிகிரிவரை அது சுறுசுறுப்பாக இருக்கும். 4 டிகிரியில் செரிமானமே மெதுவாகிவிடுவதால் அதற்குப் பசி குறைவு, துரத்தித் தின்னாது. பத்து மணிக்கு மேல் வெயில் பட்ட பாசிப் படுகைகளில் தண்ணீர் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி ஏறும்போதுதான் அசையத் தொடங்கும். பத்திலிருந்து இரண்டுவரைதான் நேரம். இரையும் கீழேதான் இருக்கும்: சேற்றில் நெளியும் சிவப்புப் புழு, நத்தை, தட்டான்பூச்சியின் இளம்புழு. அதைப் போலவே முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டிய பொய் இரையை, அதாவது ஃப்ளையை, மூழ்கும் நரம்பில் கட்டி, அடிவரை இறங்க விட்டு, மெதுவாக இழுக்க வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு விரல்கடை இழுத்துவிட்டு மூன்று எண்ணுவது. கடி விழுவதும் வெடுக்கென்று இருக்காது. பாசியில் மாட்டிய மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். கோல்முனை வளையங்களில் நரம்பின் ஈரம் உறைந்து பனிமணி கட்டும். அதை விரலால் ஒடித்தால் வளையமே பெயர்ந்து வரலாம். கோலை அப்படியே தண்ணீரில் முக்கினால் கரைந்துவிடும், தண்ணீர் பனிக்கட்டியைவிடச் சூடுதானே.

குளிர்காலத்தில் நேட்டால் ஆறுகளில் ட்ரவுட் பிடிப்பதற்குத் தடை உண்டு, ஜூன் முதல் ஆகஸ்ட் முடியும்வரை. ஆற்றில் அப்போது மீன் முட்டையிடும். அணைகளுக்குத் தடை இல்லை. ஓடும் தண்ணீர் வந்து சேராத அணையில் ரெயின்போ முட்டையிட வழியே இல்லை, மீனை வெளியிலிருந்து கொண்டுவந்துதான் விடுகிறார்கள். வயிறு நிறைய முட்டையோடு வரும் பெண்மீனை நான் திருப்பி விட்டுவிடுவேன். அதைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்ற வேண்டும். காற்று பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் செவுளின் மெல்லிய இழைகள் உறைந்து சேதமாகலாம், நீந்திப் போன மீன் அப்புறம் செத்துப்போகலாம். ஒன்றிரண்டை வீட்டுக்குக் கொண்டுபோவோம். அம்மாவுக்கு, "பிடிச்ச மீன ஏன்டா விடுற?" என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. புளி குறைத்து, மாங்காய் போட்டு அவர் வைக்கும் ட்ரவுட் குழம்பைச் சாப்பிட்ட பிறகு எனக்கும் பதில் சொல்ல வருவதில்லை.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பெர்க் மலைக்கும் அப்படியே பொருந்தும். ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் உலர்ந்த காற்று இறங்கும். குளிர்முகம் ஒன்று, அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, நெருங்கும்போது அது திடீரென்று வலுக்கும். டியூபை உதைத்துப் போகும் வேகம் நடையில் பாதிகூட வராது. நல்ல காற்றுக்கு எதிரே உதைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கலாம், அவ்வளவுதான்.

ஒரு ஜூலையில் இதை நேரில் படித்தேன். வடக்கு மூலையில் பனிக்கட்டி கிடந்தது. நாங்கள் தென்கிழக்குக் கரையில், வெயில் பட்ட மணல்திட்டில் இறங்கினோம். மாமா சொன்ன பாடத்தைச் செய்துவிட்டதாகத்தான் நினைப்பு. பதினொன்றரைக்கு வடமேற்குக் காற்று எழும்பியது. வெயிலில் ஓரம் இளகியிருந்த அந்தப் பனிக்கட்டி, கரையை விட்டுக் கழன்று, ஜன்னல் கண்ணாடி அளவுத் துண்டுகளாக உடைந்து, அலையோடு அணையைக் கடந்து வந்தது. நான் பார்க்கும்போது எங்கள் மணல்திட்டை அடைத்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நொறுங்கும் சத்தம், பாத்திரக் கடையில் அலமாரி சாய்ந்த மாதிரி. அந்த விளிம்புகள் கத்தி. பின்பக்கமாக அதற்குள் உதைத்துப் போனால் நைலான் உறையும் உள்பையும் தாங்குமா என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயமில்லை. காற்றுக்குக் குறுக்கே உதைத்து அணைச்சுவர்ப் பக்கம் போய்ப் பாறைமேல் ஏற நாற்பது நிமிடம் ஆனது. ஏறும்போது தொடைக்குக் கீழே எதுவுமே என்னுடையது மாதிரி இல்லை.

அன்றிலிருந்து இரண்டு கரையைக் குறித்துக்கொள்கிறேன். ஒன்று இறங்கும் கரை, இன்னொன்று காற்று மாறினால் ஏறும் கரை, பனிக்கட்டி மிதந்து வர முடியாத பக்கம். புல் நுனி தொடர்ந்து சாயத் தொடங்கினால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கிளம்பிவிடுவேன். தனியாக இறங்குவதில்லை.

கரையேறுவதிலும் ஒரு முறை உண்டு. பின்பக்கமாக உதைத்து வந்து, குதிகால் தரையைத் தட்டியதும் எழுந்துவிடக் கூடாது. விறைத்த கால் தரையை உணராது, ஃபின் தடுக்கும், முகம் குப்புற விழுவது அங்கேதான். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வரும்வரை உட்கார்ந்தபடியே நகர வேண்டும், அப்புறம் டியூபைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழ வேண்டும். கரையில் உட்கார்ந்து வேடர்ஸைக் கழற்றி, உலர்ந்த கம்பளிக் காலுறை மாட்டி, தேநீர் குடிக்க வேண்டும். காலில் தங்கியிருந்த குளிர்ந்த ரத்தம் உடம்புக்குத் திரும்பும் அந்த அரைமணி நேரத்தில் நடுக்கம் கூடும். அதற்குள் பக்கியை எடுத்தால், ஹீட்டர் சூட்டில், என் 3 நெடுஞ்சாலையில் மூயி ரிவர் ஊரைத் தாண்டுவதற்குள் கண் சொருகும். நாங்கள் நடுக்கம் நிற்கும்வரை டியூபின் காற்றைப் பிழிந்துகொண்டு அங்கேயே இருப்போம். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும், வடக்கு மூலையில் தண்ணீர் மறுபடியும் மெல்லியதாகத் தோல் கட்டத் தொடங்கியிருக்கும்.